நாட்சம்பள ஆட்களுக்கு ஈ.பி.எவ், ஈ.ரி.எவ் கட்டுவது எப்படி: திருகோணமலைச் சிறு முதலாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கைந்து பேரை நாட்சம்பளத்துக்கு வைத்து வேலை செய்விக்கும் சிறு முதலாளிக்காக இதை எழுதுகிறேன். வீடு கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ சிறு விடுதி நடத்துபவர், தம்பலகாமத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர், மூதூரில் சீமெந்துக் கல் அரிபவர், கருவாடு பதனிட ஆட்களை வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள். இவர்களுடைய கணக்குகளை எழுதுவதுதான் என் வேலை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்.

"நாட்சம்பளம்தானே, அதற்கு ஈ.பி.எவ் இல்லையே?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. ஈ.பி.எவ் என்பது ஊழியர் சேமலாப நிதி, ஊழியரும் முதலாளியும் முதுமைக்கென்று மாதாமாதம் சேர்க்கும் பணம். உண்டு. ஒரேயோர் ஆள் வேலை செய்தாலும் உண்டு, முதல் நாளிலிருந்தே உண்டு. கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒழுங்கு மாறும்போதுதான் காசு வீணாகிறது.

1. யார் உங்கள் ஆள் என்று முதலில் தீர்மானியுங்கள்

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியரோடு நிற்கவில்லை. தற்காலிகமாக வருபவர், அமைய வேலையாள், வேலை பழகுபவர், துண்டுக் கணக்கில் வேலை செய்பவர், கொமிஷனுக்கு வேலை செய்பவர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். நூறு கல்லுக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரும் அப்படித்தான்.

வெளியே நிற்பவர்கள் சிலர்தான். வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் ஆள், குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் தொழில், 10 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள தரும நிறுவனம் போன்றவை.

குழப்பம் வருவது பாஸ்மாரிடம். நீங்கள் ஒரு மேசன் பாஸிடம் வேலையைக் கொடுக்கிறீர்கள், அவர் கிண்ணியாவிலிருந்து ஐந்து பேரைக் கூட்டி வருகிறார். அந்த ஐந்து பேரும் யாருடைய ஆட்கள்? பாஸுக்குச் சொந்தமாக ஈ.பி.எவ் பதிவு இலக்கம் இருந்து, சம்பளத்தை அவரே தீர்மானித்து அவரே கொடுத்தால், அவருடைய ஆட்கள். அதை எழுத்தில் வாங்கி, அவருடைய இலக்கத்தையும் உடன்படிக்கையில் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை நீங்களே ஒவ்வொருவர் கையிலும் காசு எண்ணிக் கொடுக்கிறீர்கள், "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொல்பவரும் நீங்கள்தான் என்றால், அவர்கள் உங்கள் ஆட்கள்தான் என்று வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. வேலையை விலை பேசும்போதே 15 வீதத்தைச் சேருங்கள்

இது படிவ வேலைக்கு முந்திய படி. பலர் இதைத் தாண்டிப் போய், பிறகு "கட்டக் காசு இல்லை" என்கிறார்கள்.

ஈ.பி.எவ்வுக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், அது அவருடைய சம்பளத்திலிருந்து போகும். உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈ.ரி.எவ்வுக்கு, இன்னொரு 3 வீதம். அதுவும் முழுவதும் உங்களுடையது.

ஆகவே 3,000 ரூபா நாட்சம்பளம் என்றால் உங்களுக்கு விழும் செலவு 3,450 ரூபா. ஆளின் கைக்குப் போவது 2,760 ரூபா. வீட்டுக்காரரிடம் மதிப்பீடு கொடுக்கும்போது 3,450ஐ வைத்தே கூலியைக் கணக்குப் பாருங்கள். 3,000ஐ வைத்து விலை பேசிவிட்டால் மீதி 450ஐ எங்கிருந்தாவது எடுக்க வேண்டி வரும். அது கடைசியில் ஆளின் சம்பளத்திலிருந்து எடுக்கப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதலாளியின் பங்கை ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தராது. அதற்காக நாட்சம்பளத்தைக் குறைப்பதும் கூடாது.

3. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் அடையாள அட்டை, தொழில் பதிவுச் சான்றிதழ், தொழில் நடக்கும் இடத்தின் முகவரி, முதல் ஆள் வேலைக்குச் சேர்ந்த திகதி, ஒவ்வோர் ஆளினதும் அடையாள அட்டைப் பிரதி. இவை இல்லாமல் அலுவலகத்துக்குப் போனால் இரண்டு தடவை அலைய வேண்டும். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ பஸ் ஏறி வருபவருக்கு அது ஒரு நாள் பிழைப்பு.

தொழில் பதிவு இன்னும் எடுக்கவில்லை என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் அதை முதலில் முடியுங்கள். பிறகு பெயரை மாற்றினால் ஈ.பி.எவ் பதிவிலும் மாற்ற வேண்டி வரும். வங்கிக் கணக்கு, காசோலை, படிவம் மூன்றிலும் ஒரே பெயர் இருப்பது பின்னால் பெரிய உதவி.

4. தொழில் தருநராகப் பதியுங்கள்

முதல் ஆளை வேலைக்கு எடுத்து 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். இதற்குரியது டி படிவம். திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம். பதிந்ததும் உங்களுக்கு ஓர் இலக்கம் வரும். அதன் முன்னால் வலயத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்று இருக்கும். அந்த எழுத்தையும் சேர்த்தே இலக்கத்தை எங்கும் எழுத வேண்டும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் அதே எண் உள்ள வேறொரு தொழில் தருநரின் கணக்கோடு குழம்ப வழி உண்டு.

"இன்னும் இரண்டு பேர் சேரட்டும், எல்லோரையும் ஒன்றாகப் பதிவோம்" என்று இழுப்பது இங்கே வழக்கமான தவறு. இலக்கம் கிடைக்காத நாட்களுக்கும் கடமை ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிந்திப் பதிந்தாலும் முதல் ஆள் சேர்ந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

5. ஆளை முதல் நாள் காலையிலேயே பதியுங்கள்

நாட்சம்பள ஆள் நாளை வராமல் போகலாம். மாத முடிவில் பதிவோம் என்று விட்டால் அவருடைய அடையாள அட்டை இலக்கம் உங்களிடம் இருக்காது. இலக்கம் இல்லாமல் அவர் பெயரில் ஒரு சதமும் கட்ட முடியாது. அதனால், மண்வெட்டியைக் கையில் கொடுக்கும் முன் அடையாள அட்டையை வாங்கிப் படம் எடுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படமே போதும், மாலையில் பிரதி எடுக்கலாம்.

பிறகு உறுப்பினர் பதிவுப் படிவம். ஏ.பி.எச் படிவம் என்பார்கள். ஆளுக்கு ஓர் உறுப்பினர் இலக்கம் கொடுத்து, படிவத்தை நிரப்பி, கையொப்பம் வாங்கித் தொழில் அலுவலகத்தில் கொடுங்கள். அங்கிருந்து வரும் உறுப்பினர் அட்டையை, அதாவது பி காட்டை, ஆளிடமே கொடுத்துவிடுங்கள். அதை லாச்சியில் பூட்டி வைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். அது ஆளின் சொத்து.

பெயர் எழுதும் இடத்தில் நிதானமாக இருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பந்தியைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிவா என்பதை ஒருவர் எஸ்.ஐ என்று தொடங்குவார், இன்னொருவர் எஸ்.எச்.ஐ என்று தொடங்குவார். முகம்மது என்ற பெயருக்கு நான் இதுவரை ஆறு விதம் கண்டுவிட்டேன். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக இருக்கும், இன்னோரிடத்தில் முதலெழுத்தாக இருக்கும். திருமணமான பெண்களுக்குக் கணவன் பெயர் சேர்ந்திருக்கும். ஆள் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதாதீர்கள், அடையாள அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

விடுதிகளில் சமையல் வேலை செய்த ஓர் அம்மா, 50 வயது முடிந்து தன் பணத்தை எடுக்கப் போனார். அவர் வேலை செய்த இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பெயர் எழுதியிருந்தார்கள், ஓரிடத்தில் அடையாள அட்டை இலக்கத்திலும் ஓர் எண் பிழை. அது தன்னுடைய பணம்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பழைய முதலாளியின் கடிதம் என்று அவர் பல மாதம் நடந்தார். பழைய முதலாளி விடுதியை விற்றுவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார். இத்தனைக்கும் காரணம் இரண்டு நிமிட அவசரம்.

பழைய அடையாள அட்டையில் 9 எண்ணும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும், புதியதில் 12 எண். ஆளிடம் இப்போது எது இருக்கிறதோ அதை எழுதுங்கள். முன்பு வேறிடத்தில் ஈ.பி.எவ் கட்டியவர் என்றால் பழைய பி காட்டின் பிரதி ஒன்றையும் வாங்கி வையுங்கள். அடையாள அட்டையைப் புதுப்பித்திருந்தால் பழைய இலக்கத்தையும் உங்கள் பதிவேட்டில் குறித்து வையுங்கள், பின்னால் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும்போது தேவைப்படும்.

6. வரவுப் பதிவேடு: எல்லாம் இதிலிருந்துதான்

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதம் போலத்தான் அடுத்த மாதம். நாட்சம்பள ஆளுக்கு ஒவ்வொரு மாதமும் தொகை மாறும். 22 நாள் வந்தாரா, 19 நாள் வந்தாரா என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி வரவுப் பதிவேடு.

கோடு போட்ட கொப்பி ஒன்று போதும். ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம். இடது பக்கம் உறுப்பினர் இலக்கமும் பெயரும், மேலே 1 முதல் 31 வரை நாட்கள். வேலை தொடங்கும்போது அடையாளம் போடுங்கள், மாலையில் போடாதீர்கள். மாலையில் லொறி வந்துவிடும், கொங்கிறீட் முடியாமல் இருக்கும், மறந்துவிடும்.

அரை நாளை அரை என்றே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பகலோடு போகிறவருக்கு அரை நாள் சம்பளம் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் முழு நாள் போட்டால் பதிவேடும் சம்பளமும் ஒத்துப்போகாது. அரை நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால், அப்போது முழு நாள் என்றே எழுதுங்கள். கொடுக்கும் காசைப் பதிவேடு அப்படியே சொல்ல வேண்டும்.

மேலதிக நேரத்துக்குத் தனி நிரல் வையுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது. துண்டு வேலைக்கு நாளோடு சேர்த்து எண்ணிக்கையையும் எழுதுங்கள்: எத்தனை கல், எத்தனை கிலோ.

பென்சிலால் எழுத வேண்டாம். பிழைத்தால் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் திருத்தி, சிறு ஒப்பம் வையுங்கள். வெள்ளை மை பூசிய பதிவேட்டை எந்த அதிகாரியும் நம்பமாட்டார், நானும் நம்பமாட்டேன். மாத முடிவில் ஒவ்வோர் ஆளிடமும் அவருடைய வரியைக் காட்டிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அன்றைக்கே "எனக்கு ஒரு நாள் குறைகிறது" என்று அவர் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தீரும். மூன்று வருடம் கழித்துச் சொன்னால் தீராது.

7. எந்தத் தொகைக்குக் கணக்குப் பார்ப்பது

8, 12, 3 ஆகிய வீதங்கள் மொத்த உழைப்பூதியத்துக்கு. அதற்குள் வருபவை: நாட்சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி போன்ற படிகள், லீவு நாளுக்குக் கொடுக்கும் சம்பளம், துண்டு வேலைக் கூலி, கொமிஷன், சாப்பாட்டுப் படி. மேலதிக நேரக் கொடுப்பனவு இதற்குள் வராது. அதனால்தான் தனி நிரல் வைக்கச் சொன்னேன். இரண்டையும் ஒரே தொகையாக எழுதினால் எது எதுவென்று பிரிக்க வழியில்லாமல், முழுத் தொகைக்கும் கட்டச் சொல்லும் நிலை வரும்.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது சாப்பாட்டை. நீங்கள் பகல் சாப்பாடு கொடுத்தால் அதன் பெறுமதியும் உழைப்பூதியத்தில் சேரும். பெறுமதியை நீங்கள் நியாயமாகக் கணிக்கலாம், தொழில் ஆணையாளர் அதைத் திருத்தவும் முடியும். மூன்று வேளையும் சாப்பாடு போடும் விடுதிக்காரர்களுக்கு இது சிறிய தொகை இல்லை.

ஓர் உதாரணம். ஒரு மேசன் 22 நாள் வருகிறார், நாளுக்கு 3,000 ரூபா. மொத்தம் 66,000. அவருடைய 8 வீதம் 5,280. உங்கள் 12 வீதம் 7,920. ஈ.பி.எவ்வுக்குக் கட்ட வேண்டியது 13,200. ஈ.ரி.எவ் 1,980. இதே ஆளுக்கு நாளுக்கு 300 ரூபா பெறுமதியான பகல் சாப்பாடும் கொடுத்தால் மொத்தம் 72,600 ஆகும். அப்போது 5,808, 8,712, 2,178 என்று மூன்று தொகையும் ஏறும். மேலதிக நேரத்துக்கு 4,000 கொடுத்திருந்தால் அதை இந்தக் கணக்கில் தொட வேண்டாம்.

3,000 கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் குறைந்தபட்ச நாட்சம்பளத்தை மட்டும் எழுதி, மீதியை வேறு பெயரில் போடும் பழக்கம் ஊரில் இருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபா. அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த எண். அந்த எண்ணுக்கு மட்டும் கட்டினால் போதும் என்று அதற்குப் பொருள் இல்லை. மேலே உள்ள மேசனுக்கு அப்படிச் செய்தால் மாதம் 13,200 சேர வேண்டிய இடத்தில் 5,280 மட்டுமே சேரும். அவர் முதுமைக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதிக்கும் மேல் நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்றே நான் சொல்வேன்.

8. கழிப்பதைச் சம்பளம் கொடுக்கும் நேரத்திலேயே கழியுங்கள்

8 வீதத்தைச் சம்பளம் கொடுக்கும்போதே கழிக்க வேண்டும். அன்று கழிக்காமல் விட்டால் பிறகு ஆளிடம் திரும்பக் கேட்க முடியாது. அப்போது 20 வீதமும் உங்கள் பையிலிருந்துதான்.

மாதச் சம்பளக்காரர் மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதால் அங்கே சிக்கல் இல்லை. நம் ஆட்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம். மூன்று சனிக்கிழமை முழுதாகக் கொடுத்துவிட்டு, நாலாவது சனிக்கிழமை மாதம் முழுவதற்குமான 8 வீதத்தை ஒன்றாகக் கழிக்கப் பார்ப்பார்கள். அந்த வாரம் ஆள் கையில் வாங்குவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். வீட்டில் அரிசிக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் கணக்குப் போட்டு வைத்தவர் அவர். சண்டை வரும், அல்லது திங்கட்கிழமை ஆள் வரமாட்டார்.

வாரத்துக்கு வாரம் கழியுங்கள். மேலே சொன்ன மேசன் 5, 6, 5, 6 நாட்கள் வந்தார் என்று வைப்போம். சாப்பாடு கொடுக்கவில்லை. கழிப்பது 1,200, 1,440, 1,200, 1,440. கூட்டினால் அதே 5,280. ஆளுக்கும் பழகிவிடும். இடையில் அட்வான்ஸ் கொடுத்தால் அதை அட்வான்ஸ் என்று தனியாக எழுதி, சனிக்கிழமை முழு உழைப்பூதியத்துக்கும் 8 வீதம் கழித்த பிறகு அட்வான்ஸைக் கழியுங்கள். வரிசை மாறினால் கணக்குப் பிழைக்கும்.

கழித்த காசை உடனே வேறாக வையுங்கள், உங்கள் 15 வீதத்தையும் அதோடு சேர்த்து. தனி வங்கிக் கணக்கு நல்லது. அது முடியாவிட்டால் தனி உறையாவது வேண்டும். வேலைத்தளத்தில் சீமெந்து முடிந்துபோனால் கை முதலில் போவது இந்தக் காசுக்குத்தான்.

சின்னத் துண்டிலாவது சம்பளச் சிட்டை கொடுங்கள்: நாட்கள், தொகை, கழித்தது, நீங்கள் சேர்த்தது. நீங்கள் சேர்க்கும் 12 வீதத்தை ஆளின் கண்ணில் காட்டுவதுதான் இதன் பயன். "எனக்கு வெட்டாதீர்கள், முழுக் காசையும் கையில் தாருங்கள்" என்று பலர் கேட்பார்கள். அவர்களுக்குத் தெரிவது 3,000 ரூபா நாட்சம்பளத்தில் தாங்கள் இழக்கும் 240 ரூபா மட்டும், அதோடு சேரும் 360 ரூபா தெரியாது. எழுதிக் காட்டினால் பெரும்பாலானோர் சம்மதித்துவிடுவார்கள். சம்மதிக்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். "எனக்கு ஈ.பி.எவ் வேண்டாம்" என்று ஆள் கையொப்பமிட்டுத் தந்த கடிதத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை.

9. மாதாந்தப் படிவமும் பணமும்

ஒரு மாதத்துக்கான ஈ.பி.எவ்வை அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டும். இதற்கு சி படிவம். உறுப்பினர் இலக்கம், பெயர், அடையாள அட்டை இலக்கம், உழைப்பூதியம், ஊழியர் பங்கு, உங்கள் பங்கு, மொத்தம் என்று ஆளுக்கு ஒரு வரி. பணம் போவது மத்திய வங்கியிலுள்ள ஊழியர் சேமலாப நிதி அத்தியட்சகருக்கு. காசோலையை அந்தப் பெயருக்கே எழுதுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் விவரங்களை மின்னணு வடிவில்தான் அனுப்ப வேண்டும்.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், 15ஆம் திகதியை உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் பிழை இருந்து திரும்பினால் சரிசெய்ய இரண்டு கிழமை மிச்சம் இருக்கும். குறிப்பாக மார்ச் மாதத்துப் பணத்தைச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே கட்டிவிடுங்கள். வருடப் பிறப்புக்குப் பிறகு கையில் காசும் இருக்காது, வேலைத்தளத்தில் ஆளும் இருக்காது.

அனுப்பும் முன் மூன்றைப் பாருங்கள். படிவத்தின் மொத்தமும் காசோலைத் தொகையும் ஒன்றா? மேலே எழுதிய மாதம் சரியா? ஒவ்வொரு வரியிலும் உறுப்பினர் இலக்கமும் பெயரும் பொருந்துகின்றனவா? இவற்றில் பிழைத்தால் பணம் போய்ச் சேர்ந்தாலும் ஆளின் கணக்கில் ஏறாமல் நிற்கும். நீங்கள் கட்டியதாக நினைப்பீர்கள், அவருக்குக் கணக்குக் கூற்று வரும்போதுதான் இடைவெளி தெரியும்.

10. ஈ.ரி.எவ் தனி வேலை

ஈ.பி.எவ் கட்டினால் இதுவும் சேர்ந்து போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் வேறு நிதி, வேறு சபை, வேறு படிவம், வேறு காசோலை. கட்ட வேண்டிய காலம் மட்டும் அதேதான், அடுத்த மாத முடிவு. ஆளிடமிருந்து ஒன்றும் கழிக்கக் கூடாது.

3 வீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு வரும் தொகை, இருதய சத்திரசிகிச்சைக்கும் கண் வில்லைக்கும் கிடைக்கும் உதவி, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்கு வரும் உதவி எல்லாம் இந்த நிதியிலிருந்துதான். ஆளுக்கு ஆபத்து வந்த பிறகு ஓடிப்போய்க் கட்டிப் பயனில்லை.

11. பிந்தினால் என்ன ஆகும்

ஈ.பி.எவ் பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும். 10 நாள் வரை 5 வீதம், ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, ஒரு வருடம் வரை 40, அதற்கு மேல் 50 வீதம். மேலே சொன்ன மேசனின் ஒரு மாதத்து 13,200 ரூபா ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் 6,600 ரூபா கூடுதலாகப் போகும். ஈ.ரி.எவ்வுக்கும் தனியாக மேலதிகக் கட்டணம் உண்டு. கட்டாமலே விட்டால் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தின் ஊடாக அபராதம் போல அறவிடவும் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் இருக்கிறது.

கையில் காசு குறைவாக இருக்கும் மாதத்தில் ஆட்களின் பாதிப் பெயரை மட்டும் போட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யவே வேண்டாம். விடுபட்டவருக்கு அந்த மாதம் வேலையே இல்லாதது போல ஆகிவிடும்.

12. ஆள் நின்றால், திரும்பி வந்தால்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதி வேலை சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை. மாரி தொடங்கினால் ஆட்கள் போய்விடுவார்கள், அடுத்த பருவத்தில் அதே ஆட்கள் வருவார்கள். கட்டட வேலையும் கார்த்திகை, மார்கழி மழையில் படுத்துவிடும். ஒரு நாளும் வேலை செய்யாத மாதத்துக்கு அந்த ஆளுக்குக் கட்ட ஒன்றும் இல்லை. மூன்று நாள் வந்திருந்தால் மூன்று நாளுக்குக் கட்ட வேண்டும்.

திரும்பி வருபவருக்குப் பழைய உறுப்பினர் இலக்கத்தையே கொடுங்கள். புதியது கொடுத்தால் ஒரே இடத்தில் ஒருவருக்கு இரண்டு கணக்கு. அதைவிட மோசமானது போனவரின் இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுப்பது. ஒரு கட்டட வேலைத்தளத்தில் "7ஆம் இலக்கம் காலியாகத்தானே இருக்கிறது" என்று கொடுத்துவிட்டார்கள். ஒருவரின் கணக்கில் மற்றவரின் பணம் ஏறி, பிரித்தெடுக்க நான் பட்ட பாடு பெரிது. கொடுத்த இலக்கம் கொடுத்ததுதான், அவர் திரும்பி வராவிட்டாலும்.

ஐந்து வருடம் முடித்த ஆள் போகிறார், உங்களிடம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிறார்கள் என்றால் பணிக்கொடையும் சேரும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பள ஆளுக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 14 நாள் சம்பளம், 30 நாட்களுக்குள். ஈ.பி.எவ் கட்டியதால் இது இல்லாமல் போகாது.

13. இதுவரை கட்டவே இல்லை என்றால்

பலர் இந்த நிலையில்தான் என்னிடம் வருகிறார்கள். பயத்தில் பழையதை மறைக்கப் பார்க்காதீர்கள். இந்த மாதத்திலிருந்து ஒழுங்காகத் தொடங்குங்கள், பழையதைப் பின்னோக்கிச் சேருங்கள். பழையதை முழுதாக முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொடங்குவேன் என்றால், முடிப்பதற்குள் இன்னும் ஆறு மாதம் பாக்கியாகிவிடும்.

தொழில் அலுவலகத்துக்கு நீங்களாகவே போங்கள். ஆள் முறைப்பாடு செய்து, அதிகாரி கடிதம் அனுப்பி, அதன் பிறகு போவதைவிட உங்கள் பதிவேடுகளோடு முதலில் போவது எவ்வளவோ நல்லது. அன்று கழிக்காத 8 வீதத்தை இப்போது வேலையில் இருக்கும் ஆட்களிடம் கழித்து ஈடுசெய்யப் பார்க்காதீர்கள், அது உங்கள் செலவு.

கடினமான பகுதி ஆட்களைக் கண்டுபிடிப்பது. பழைய வவுச்சர்கள், சிறு கொப்பிகள், வங்கிக்குப் பணம் போட்ட துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்புங்கள். எந்த மாதத்தில் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் மட்டும் இருக்கும், இலக்கம் இருக்காது. அவரோடு வேலை செய்தவர்களைக் கேளுங்கள். மேசன்மாருக்கு ஒருவரையொருவர் தெரியும், கந்தளாயில் இருக்கிறாரா குச்சவெளியில் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவார்கள். நேரே போய் அடையாள அட்டையைப் படம் எடுத்து வாருங்கள். எதற்கு வந்தோம் என்று சொன்னால் தேநீர் தராமல் விடமாட்டார்கள். வெளிநாடு போயிருந்தால் வீட்டாரிடம் இலக்கத்தைக் கேட்டு வாங்கலாம். எவ்வளவு தேடியும் கிடைக்காதவரின் பெயரையும் நாட்களையும் அந்தத் தாளில் வெட்டாமல் அப்படியே விடுங்கள். இரண்டு வருடம் கழித்து அவரே ஒரு நாள் வேலை கேட்டு வந்து நின்றிருக்கிறார்.